சூத்திரத்தில் இல்லாத மனிதர்: முதுமலை விளிம்பில் குரங்குக் காய்ச்சல்

2012-ஆம் ஆண்டின் இறுதியில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் அடுத்தடுத்துச் செத்தன. சடலங்களை எடுத்து எரித்த தொழிலாளர்களில் சிலர் கடும் காய்ச்சலும் உடல்வலியுமாகப் படுத்தார்கள். புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பரிசோதித்து, அது கியாசனூர் வனநோய் என்று உறுதி செய்தது. உண்ணி கடித்துப் பரவும் அந்த வைரஸ் நோய்க்கு மக்கள் வழக்கில் பெயர் குரங்குக் காய்ச்சல். அதுவரை ஷிமோகா, சிக்மகளூர், உத்தர கன்னடம், தட்சிண கன்னடம், உடுப்பி ஆகிய ஐந்து கர்நாடக மாவட்டங்களோடு அடங்கிய நோயாகவே அதைக் கருதிவந்தார்கள். அதே பருவத்தில் நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்கின் மாதிரியிலும் அந்த வைரஸ் இருந்தது. 2013-இல் வயநாட்டில் மனிதருக்கு வந்தது. 2015-இல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தாக்கி, உயிர்களையும் கொண்டுபோனது.

கர்நாடகத்தின் பந்திப்பூர், தமிழ்நாட்டின் முதுமலை, கேரளத்தின் வயநாடு மூன்றும் ஒட்டிக்கிடக்கும் ஒரே காடு. பதிவேடுகளோ ஒன்பது. ஒவ்வொரு மாநிலத்திலும் குரங்கு செத்தால் வனத்துறை எழுதும்; மாட்டில் உண்ணி ஏறினால் கால்நடைத் துறை எழுதும்; மனிதருக்குக் காய்ச்சல் கண்டால் சுகாதாரத் துறை எழுதும். ஒரே நோயின் மூன்று கட்டங்கள் மூன்று அலுவலகங்களில், மூன்று மொழிகளில் பதிவாகின்றன.

விலங்குகளிலும் மனிதரிலும் பரவும் தொற்றுகளைக் கணித மாதிரிகளாக எழுதுவது என் தொழில். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தேன், கணிதம் படித்தேன், சமன்பாடுகள் வழியாகத்தான் காட்டு நோய்களுக்கு வந்து சேர்ந்தேன். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்த நிகழ்வைத்தான். பரவலைத் தாங்கிப்பிடிக்கும் சூத்திரத்தில் மனிதருக்கு இடமே இல்லாத ஒரு நோயில், மனிதரைக் காப்பதற்கு அந்தச் சூத்திரம் எந்த வகையில் உதவும்? இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாக முன்வைக்கும் வேறு நிகழ்வு எனக்குத் தெரியாது.

சிகூரில் பிடித்த காய்ச்சல்

இந்தத் துறையின் வேர்களில் ஒன்று நம் மலைச்சரிவிலேயே இருக்கிறது. 1897-இல் ராணுவ மருத்துவரான ரொனால்ட் ராஸ் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். மலேரியாவைப் பற்றி அறிவதற்காகவே சிகூர்ச் சரிவிலிருந்த காப்பித் தோட்டப் பகுதிக்கு இறங்கினார். அங்கே அவரையே மலேரியா பிடித்தது. தேறி எழுந்து செகந்திராபாத்துக்குத் திரும்பியவர், அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். ஆனால் அந்த ஒட்டுண்ணியின் முழுச் சுழற்சியையும் அவர் பின்தொடர்ந்து முடித்தது மனிதரிடத்தில் அல்ல. 1898-இல் கல்கத்தாவில் பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டு, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை சென்று, அங்கிருந்து நோயற்ற பறவைக்கு அது எப்படிப் போகிறது என்பதைக் காட்டினார். மனித நோயின் புதிர் ஒரு காட்டு உயிரின் நோயில் அவிழ்ந்தது. 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது.

என் துறைக்காரர்கள் அவரைக் கொண்டாடுவது அதற்குப் பிறகு அவர் செய்த வேலைக்காக. 1908-இல் மொரீஷியஸ் தீவைப் பற்றி எழுதிய அறிக்கையிலும், 1911-இல் விரித்து எழுதியபோதும் அவர் ஒரு கணக்கைப் போட்டுக்காட்டினார். கொசு ஒன்று மிச்சமிருந்தாலும் மலேரியா போகாது என்று பலரும் வாதிட்ட காலம் அது. ராஸின் கணக்கு வேறு சொன்னது: கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஆளுக்கு இத்தனை என்ற ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், நோய் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள முடியாமல் அவிந்துபோகும். வரம்பு என்ற இந்த எண்ணம்தான் இன்று வரை நாங்கள் எழுதும் எல்லா மாதிரிகளுக்கும் முதுகெலும்பு. 1901-இல் ராஸோடு சியரா லியோனுக்குப் போன மெக்கென்ட்ரிக் என்ற இளம் மருத்துவர், பிறகு இமாசலத்தின் கசௌலியிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். 1927-இல் கெர்மாக்குடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, தொற்றக்கூடியவர், தொற்றியவர், விலகியவர் என்று மக்களைப் பிரித்து இந்த எண்ணத்தை முறைப்படுத்தியது. 1905-06 பம்பாய் பிளேக் இறப்புகளோடுதான் அவர்கள் தங்கள் வளைகோட்டை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொற்றுநோய்க் கணிதம் வெளியிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கு என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

சூத்திரத்தை எழுதிப் பார்த்தால்

குரங்குக் காய்ச்சலைப் பரப்புவதில் முதன்மையானது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணி. அதற்கு மூன்று பருவங்கள், ரத்தம் கொடுக்கும் மூன்று விருந்தோம்பிகள். மழைக்காலம் ஓய்ந்ததும் வரும் இளம்புழு எலி, அணில், பறவை, குரங்கு ஆகியவற்றில் ஏறி ரத்தம் குடித்து உதிர்கிறது. சருகுக்குள் கிடந்து தோலுரித்து இளவுண்ணியாகிறது. இளவுண்ணி நவம்பர், டிசம்பரில் தொடங்கிக் கோடை வரை காத்திருந்து அடுத்த உடலில் ஏறுகிறது. மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் இதுதான். வளர்ந்த உண்ணி தென்மேற்குப் பருவமழையின்போது மாடு, காட்டெருமை, மான் போன்ற பெரிய உடல்களைத் தேடிப்போகிறது. இளம்புழுவாக இருக்கும்போது வாங்கிய வைரஸ், தோலுரித்த பிறகும் உடலில் தங்கிவிடுகிறது.

இனி ராஸின் வழியில் பெருக்கிப் பார்க்கலாம். ரத்தத்தில் வைரஸ் ஓடும் சில நாட்களுக்குள் ஒரு குரங்கின்மீது எத்தனை இளம்புழுக்கள் குடித்து இறங்குகின்றன; அவற்றில் எத்தனை பிழைத்து இளவுண்ணியாகின்றன; அந்த இளவுண்ணிகளில் எத்தனை, நோய் இன்னும் வராத வேறொரு குரங்கையோ எலியையோ கடிக்கின்றன. இந்தப் பெருக்கல் ஒன்றுக்கு மேல் போனால் காட்டில் நோய் நிலைக்கும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் அவியும்.

மாடு இந்தப் பெருக்கலில் வினோதமான இடத்தில் நிற்கிறது. அதன் ரத்தத்தில் வைரஸ் பெரிதாகப் பெருகுவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகளுக்குச் சோறு போடுவது அதுதான். மாடு நோயைக் கடத்தாவிட்டாலும் நோயைக் கடத்தும் உண்ணியின் எண்ணிக்கையை உயர்த்துகிறது. மசினகுடிப் பக்கம் நெடுங்காலமாக மாட்டுப் பட்டிகள் இருந்திருக்கின்றன. காட்டில் மேய்ந்த மாட்டின் சாணம் கேரளத்துத் தோட்டங்களுக்கு உரமாக லாரியில் போயிருக்கிறது. இந்த மாதிரியில் மாட்டுக்கு ஒரு தனி எழுத்து கொடுக்காமல் எதுவும் விளங்காது.

மனிதரோ இதில் எங்கும் இல்லை. இளவுண்ணி கடித்து மனிதர் காய்ச்சலில் விழுகிறார்; அவரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு அது போவதில்லை; அவர் ரத்தத்தைக் குடித்து வைரஸை எடுத்துப்போகும் உண்ணியும் கணக்கில் வரும் அளவுக்கு இல்லை. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் மனிதருக்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. நோயின் பார்வையில் நாம் ஒரு முட்டுச்சந்து.

இதன் முழுப் பொருளையும் உணர 1957-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் ஷிமோகா மாவட்டம் சொரப் வட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்தன. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்கு வந்துவிட்டதோ என்று முதலில் அஞ்சினார்கள். அதே ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலில் ஆசியக் காய்ச்சல் என்ற புதிய இன்ஃபுளுயன்சா இறங்கியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுயன்சா மையம் அந்த வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. இன்ஃபுளுயன்சா சில மாதங்களில் நாடெங்கும் பரவி 44 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியதாகப் பதிவாயிற்று. குரங்குக் காய்ச்சல் அந்த ஆண்டு 466 பேருக்கு வந்தது. ஒன்றில் மனிதரே பாலம். மற்றொன்றில் மனிதர் பாலத்திலிருந்து விழுந்தவர்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. நாடுகாணி சோதனைச்சாவடியைத் தாண்டினால் மலப்புரம் மாவட்டம். 2018-இல் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும், 2023-இல் மறுபடி கோழிக்கோட்டிலும், 2024-இல் மலப்புரத்திலும் நிபா வந்தபோதெல்லாம் நீலகிரியின் எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் பரிசோதனை நடந்தது. பழந்தின்னி வௌவாலிலிருந்து வரும் நிபா, மனிதருக்கு மனிதர் தொற்றும், ஆனால் தட்டுத்தடுமாறித் தொற்றும். வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை கண்டறியப்பட்ட 248 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஒரு நோயாளி சராசரியாக 0.33 பேருக்குத்தான் தொற்ற வைத்தார் என்று தெரிந்தது. அந்த எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு தொடரின் சராசரி நீளம் ஒன்றரைப் பேர், பிறகு அறுந்துவிடும். ஆனால் 2018-இல் முதல் நோயாளி ஒருவரிடமிருந்தே, பெரும்பாலும் மருத்துவமனைக்குள், பலருக்குப் போனது. சராசரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவுக்குள் போகக்கூடாது என்பதை அந்த ஆண்டு எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

ஊசியின் கணக்கு ஏன் இங்கே மாறுகிறது

வரம்பு என்ற எண்ணம் தடுப்பூசிக்கு வரும்போது ஓர் ஆறுதலைத் தருகிறது: எல்லாருக்கும் போட வேண்டியதில்லை. வெறிநோயை எடுத்துக்கொள்ளுங்கள். நாய்களுக்கிடையே அதன் பரவல் எண், அதாவது ஒரு நோயுற்ற நாய் சராசரியாக எத்தனை நாய்களுக்குத் தொற்ற வைக்கிறது என்பது, பெரும்பாலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான். இரண்டு என்றே வைத்தாலும் பாதி நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் போதும். ஆனாலும் 70 விழுக்காடு என்று இலக்கு வைக்கிறார்கள். ஏனென்றால் ஊசி போட்ட நாய்கள் செத்து, புதுக் குட்டிகள் பிறந்து, அடுத்த முகாம் வருவதற்குள் அந்த விழுக்காடு கரைந்துகொண்டே இருக்கும்; கரைந்த பிறகும் வரம்புக்கு மேலே நிற்க வேண்டும். 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் கடிபட்ட மனிதருக்கான மருந்தில் பெயர் பெற்றது. இன்று ஊட்டியில் கால்நடை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுகிறார்கள். இரண்டாவது வேலை வெறிநோயின் சூத்திரத்தையே உடைக்கிறது: நாய்க்குப் போட்ட ஊசி, ஊசி போடாத நாயையும் காக்கிறது, நாய் நெருங்கும் குழந்தையையும் காக்கிறது.

குரங்குக் காய்ச்சலில் இந்த ஆறுதல் கிடையாது. ஒரு கிராமத்தில் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். மீதிப் பத்துப் பேரின் ஆபத்து கொஞ்சமும் குறையவில்லை. காட்டிலிருக்கும் உண்ணிக்கு அந்தத் தொண்ணூறு பேர் ஊசி போட்ட செய்தி எட்டவே எட்டாது. மனிதர் சூத்திரத்தில் இல்லாததால், மனிதருக்குப் போடும் ஊசி சூத்திரத்தைத் தொடுவதில்லை. ஒவ்வொருவரும் தன்னை மட்டுமே காத்துக்கொள்கிறார்.

கர்நாடகத்தில் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த தடுப்பூசியை 2005 முதல் 2010 வரையிலான தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டார்கள். இரண்டு தவணை போட்டவர்களுக்கு 62.4 விழுக்காடும், ஊக்கத் தவணையும் சேர்த்துப் போட்டவர்களுக்கு 82.9 விழுக்காடும் பாதுகாப்பு கிடைத்தது. மாதக் கணக்கில் இடைவெளி விட்டுப் பல தவணைகள் போட வேண்டிய ஊசி அது. எல்லாத் தவணைகளையும் முடித்தவர்கள் குறைவு. வீரியம் போதவில்லை என்று 2022-இல் அதுவும் நிறுத்தப்பட்டது. புதிய ஊசி வந்தாலும் என் கேள்வி மாறாது: விடுபட்டவர் யார்? மற்ற நோய்களில் விடுபட்டவரை ஊரின் எதிர்ப்புச் சக்தி ஓரளவு தாங்கும். இங்கே விடுபட்டவர் முழுக்க விடுபட்டவர். நூற்றுக்கு இத்தனை என்று அறிக்கையில் விழுக்காடு போடும் பழக்கம் இந்த நோயில் கண்ணை மறைக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இங்கே பெயர்ப் பட்டியல் வேண்டும்.

செத்த குரங்கை எண்ணுவது

குரங்குக் காய்ச்சலுக்கு முன்னறிவிப்பு என்று நம்மிடம் இருப்பது குரங்கின் மரணம்தான். நாட்டுக் குரங்கும் சாம்பல் மந்தியும் இந்த வைரஸுக்குச் சட்டென்று பலியாகின்றன. செத்த உடலிலிருந்து உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே தங்குவதால், ஒரு சடலம் கிடந்த இடம் பிறகு வெகுநாள் ஆபத்தான இடமாகிறது. எனவே எத்தனை சடலம், எங்கே, எப்போது என்பதே மாதிரிக்குள் போகும் முதல் தரவு.

அந்தத் தரவு எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் அதைக் கணினியில் ஏற்றுவது என்னால் ஆகாத காரியம். தொரப்பள்ளிப் பக்கம் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் ஒருவரோடு ஒருநாள் நடந்தேன். காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்தவர், எனக்குத் தெரிந்த எந்த ஆய்வாளரைவிடவும் காட்டை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்.

“அண்ணா, செத்த குரங்கு என்று போன மாதம் எழுதிக் கொடுத்தது எல்லாம் எங்கே கிடந்தவை?”

“ரோட்டோரம் கிடந்ததை எழுதினேன், மேடம். மூங்கில் புதருக்குள்ளிருந்து நாற்றம் வந்தது. யானை நின்றதால் அன்றைக்கு உள்ளே போகவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனால் மயிர் மட்டும் கிடந்தது. பன்றி விட்டுவைக்குமா?”

“அதை எழுதினீர்களா?”

“மயிரை எப்படிக் குரங்கு என்று எழுதுவது? கேட்டால் உடல் எங்கே என்பார்கள்.”

அவர் சொன்னதைக் கணிதமாக எழுத வேண்டுமென்றால், ஒரு மரணம் பதிவேட்டுக்கு வருவதற்கு மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். மனிதர் நடமாடும் இடத்தில் சாக வேண்டும். பன்றியும் கழுதைப்புலியும் வருவதற்குள் கண்ணில் பட வேண்டும். கண்டவர் சொல்வதற்கு ஒரு காரணமும் சொன்னால் எழுதிக்கொள்ள ஓர் ஆளும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து பத்தில் ஒரு சடலம்தான் பதிவாகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் மூன்று இருக்கிறது. உண்மையில் முப்பது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அவ்வளவு சிறிய எண்ணுக்கு நேர்மையான பதில் ஆறு முதல் எண்பத்தெட்டு வரை என்பதுதான். இந்த இடைவெளியை மறைத்து நடு எண்ணை மட்டும் அதிகாரியிடம் கொடுக்கும் மாதிரியை நான் மாணவர்களிடம் ஏற்றுக்கொள்வதில்லை.

இந்த மூன்று வாசல்களும் ஒரே அளவில் திறந்திருப்பதும் இல்லை. முதல் மனிதருக்குக் காய்ச்சல் உறுதியானதும் எல்லாரும் குரங்கைத் தேடத் தொடங்குகிறார்கள். மரணம் கூடாமலே எண்ணிக்கை கூடுகிறது. பிறகு பதிவேட்டைப் பார்ப்பவருக்குக் குரங்கும் மனிதரும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் விழுந்ததாகத் தோன்றும். குரங்கு பல வாரங்கள் முன்பே செத்துத் தந்த எச்சரிக்கை கணக்கில் காணாமல் போகும். இன்னொன்று: 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் செத்தன. அது மனிதருக்கு வராத நோய், குரங்குக்கும் வராது. ஆனால் சடலம் தின்னும் பன்றி குறைந்தால் குரங்குச் சடலம் கூடுதல் நாட்கள் கிடக்கும், கூடுதலாகக் கண்ணில் படும். சம்பந்தமே இல்லாத ஒரு விலங்கின் நோய், குரங்கு மரணம் பெருகிவிட்டது என்று நம்மை நம்பவைக்க முடியும். காட்டில் ஒரு நோயைத் தனியாக எண்ணவே முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வேலையின் நாட்காட்டி

இந்த நிகழ்வில் என்னை மிகவும் பாதித்த பகுதிக்கு வருகிறேன். மனிதர் பரவலின் சூத்திரத்தில் இல்லை என்றாலும், மனிதருக்கு எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதற்கு ஒரு தனிச் சூத்திரம் உண்டு; அது மிக எளிது. ஒவ்வொரு மாதமும் காட்டில் எத்தனை இளவுண்ணிகள் காத்திருக்கின்றன. அந்த மாதம் எத்தனை பேர், எத்தனை நாள், சருகில் கால்வைக்கிறார்கள். இரண்டையும் பெருக்கி மாதம் மாதமாகக் கூட்ட வேண்டும். ஆண்டு முழுவதுக்கும் மொத்த உண்ணியும் மொத்த வேலைநாளும் அதேயளவு இருந்தாலும், இரண்டின் உச்சமும் ஒரே மாதத்தில் விழுந்தால் கூட்டுத்தொகை எகிறும். வெவ்வேறு மாதங்களில் விழுந்தால் சுருங்கும்.

முதுமலையில் இரண்டு உச்சங்களும் ஒன்றாகவே விழுகின்றன. கோடைத் தீக்கு முன்னால், டிசம்பர், ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். சாலையின் இருபுறமும் புல்லையும் லாண்டனாப் புதரையும் அறுத்து, குவித்து, எரிக்கும் வேலை. அதற்குத் தினக்கூலியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுப்புறத்துப் பழங்குடிக் கிராமங்களின் ஆண்களும் பெண்களும். இளவுண்ணி எள்ளின் பாதி அளவுகூட இருக்காது. புல்நுனியிலும் சருகிலும் காலை நீட்டிக் காத்திருக்கும். மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க எல்லாரும் நிழல் தேடுவார்கள். நிழல் மரத்தடியில், மரத்தடியில்தான் சருகு, சருகில்தான் உண்ணி, அந்த மரத்தின் மேலேதான் குரங்கு. ஒரு நாளின் முழு ஆபத்தும் அந்த அரைமணி நேரத்தில் வந்து குவிவதை நான் நேரில் பார்த்தபோது, சமன்பாட்டில் ஒரே எழுத்தாக எழுதிவந்த தொடர்பு வீதம் என்பதன் முகம் தெரிந்தது.

அப்படியானால் வேலையை அக்டோபருக்கு மாற்றிவிடலாமே என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். மாதிரியும் அதைத்தான் சொல்லும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் புல் பச்சையாக இருக்கும், எரியாது, வெட்டினாலும் மறுபடி வளர்ந்து பிப்ரவரியில் தீக்கு இரையாகத் தயாராக நிற்கும். தீக்கோடு இல்லாத கோடையில் காடு எரிந்தால் இழப்பு வேறு வகையில் வரும். காய்ச்சலையும் தீயையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்காத மாதிரி, வனச்சரக அலுவலகத்தில் முதல் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது.

எனவே நாட்களைக் குறைக்க முடியாது; ஒரு நாளுக்கான கடியைக் குறைக்கலாம். உண்ணி விரட்டி எண்ணெயைக் காலையில் வேலைக்கு இறங்கும் முன்னும் மதியம் ஒருமுறையும் பூசுவது, கால்சட்டையைக் காலுறைக்குள் திணிப்பது, சாப்பாட்டுக்குச் சருகு கூட்டிய வெட்டவெளியில் தார்ப்பாய் விரிப்பது, மாலையில் வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் குளித்து உடுப்பையும் வெந்நீரில் நனைப்பது. இவற்றில் எதுவும் புதிதல்ல. கர்நாடகத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லப்படுபவை. மாதிரி சேர்த்துச் சொல்வது, இவற்றை எந்த வாரங்களில், எந்தக் குழுவுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பது. விரட்டி எண்ணெய் மார்ச்சில் வந்து சேர்ந்தால் பெரும்பகுதிக் கடி முடிந்துபோயிருக்கும்.

வரைபடம் சொல்லும் இடமும் நாம் பார்த்த இடமும்

2020-இல் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து, கர்நாடகத்துச் சுகாதார, கால்நடை, வனத் துறையினரோடு உட்கார்ந்து கலந்துபேசி எழுதிய ஓர் இடவாரி மாதிரி வெளியானது. ஈரப் பசுமைக்காடும் தோட்டங்களும் கலந்து கிடக்கும் நிலத்தில், நாட்டு மாடுகள் அடர்ந்த இடங்களில் மனித நோயாளிகள் தோன்றும் வாய்ப்பு அதிகம். வறண்ட இலையுதிர் காட்டில் குறைவு என்று அது காட்டியது. துறைக்காரர்களைக் கடைசியில் கூப்பிட்டு முடிவைக் காட்டாமல், தொடக்கத்திலேயே உட்காரவைத்துக் கேள்வியை வகுத்ததால்தான் அந்த மாதிரி எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கண்ணாடியை நீலகிரிக்குப் போட்டுப் பாருங்கள். தெப்பக்காட்டுக்குக் கிழக்கே மசினகுடி, வாழைத்தோட்டம், மாவனல்லா எல்லாம் வறண்ட இலையுதிர் காடும் முட்காடும். மேற்கே கூடலூர், ஓவேலி, பந்தலூர்ப் பக்கம் மழை அதிகம். தேயிலை, காப்பி, துண்டு துண்டாகச் சோலை, நடுவே வீடுகள், வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடுகள். மாதிரி கைகாட்டுவது மேற்கை. ஆனால் குரங்குச் சடலத்தைத் தேடும் கண்கள் காப்பகத்தின் ரோந்துப் பாதைகளிலும் மைசூர்ச் சாலையோரத்திலும்தான் அதிகம். தோட்ட விளிம்பில் செத்த குரங்கு யார் கணக்கிலும் வராது. தோட்டத்துக் கங்காணிக்கு அது அள்ளிப்போட வேண்டிய குப்பை, அவ்வளவுதான். நோய் இல்லை என்று நாம் சொல்லும் இடங்களில் பாதி, நாம் பார்க்காத இடங்கள் என்றே கருதுகிறேன்.

இதோடு காப்பி அறுவடையும் சேர்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கூடலூர், பந்தலூரிலிருந்து வயநாட்டுக்கும் குடகுக்கும் பழம் பறிக்கப் போகிறார்கள். உண்ணி கடித்து மூன்று முதல் எட்டு நாட்களில்தான் காய்ச்சல் வரும். முதுமலை ஓரத்தில் கடிபட்டவர் வயநாட்டில் கூடை சுமக்கும்போது விழுவார். அல்லது அங்கே கடிபட்டு இங்கே வந்து படுப்பார். எந்த மாவட்டத்துப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறதோ அங்கே நோய் இருப்பதாக வரைபடம் சிவக்கும். கடிபட்ட இடத்தைக் கேட்டு எழுதாத நோயாளிப் பட்டியலை வைத்து வரையும் எந்த வரைபடமும் வேலைக்குப் போன பாதையைத்தான் வரைகிறது.

ஆகவே இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு நான் கொடுக்கும் முதல் பணி நிரல் எழுதுவது அல்ல; தீக்கோட்டு வேலையின் மஸ்டர் ரோலை, அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது. அதில் எத்தனை பெயர்கள் முழுதாக இருக்கின்றன, எத்தனை இடங்களில் ஒப்பந்தக்காரரின் பெயருக்குக் கீழே வெறும் ஆள் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்வேன். பிறகு அந்த ஆட்கள் அடுத்த பதினைந்து நாட்களில் எந்த ஊரில் வேலை பார்த்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு கிராமங்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களைத் தேர்ந்து பயிற்றுவித்திருக்கிறது. யார் எந்த எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பது அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களில் எடுத்த ரத்தத்தில்தான் பிசிஆர் சோதனை வைரஸைப் பிடிக்கும்; பிந்தினால் எதிர்ப்பொருள் சோதனைக்குப் போக வேண்டும். சிலருக்குக் காய்ச்சல் தணிந்து, ஒன்றிரண்டு வாரம் நன்றாக இருந்து, பிறகு நடுக்கமும் குழப்பமுமாக மறுபடி வரும். அந்த இடைவெளியில் அவர் வேலைக்குத் திரும்பியிருப்பார். மருத்துவச் சீட்டில் குணமானவர் என்று எழுதியிருக்கும். அவரைத் தேடிப் போக ஊரும் பெயரும் செல்பேசி எண்ணும் மஸ்டர் ரோலிலேயே இருக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரத்திலேயே அந்தப் பத்திகளைச் சேர்க்கச் சொல்லி வனச்சரகங்களிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் கேட்டுவருகிறோம்.